மனுவில் மூன்று சொற்கள்

வட கென்ட் பகுதித் தமிழ்ச் சங்கங்களின் செயற்குழுவினருக்கும், கோயில் பரிபாலன சபையினருக்கும், பழைய மாணவர் சங்கங்களின் தலைவர் செயலாளர்களுக்கும் வணக்கம்.

போன வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து வெளியே வந்தபோது, செருப்பு வைக்கும் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு மேசையும் அதன் மேல் ஒரு கட்டுத் தாளும் இருந்தன. எங்கே என்ன கட்டலாம் என்று சொல்லும் தன் உள்ளூர்த் திட்டத்தைக் கவுன்சில் புதுப்பிக்கிறது, மக்களிடம் கருத்துக் கேட்கிறது, நாமும் ஒரே குரலில் சொல்லிவிடுவோம் என்று நீங்கள் எழுதிய மனு. பேனாவை யாரும் கொண்டுபோய்விடாமல் நூலால் கட்டியும் வைத்திருந்தீர்கள். எனக்கு முன்னால் நின்ற அக்கா ஒரு கையில் பிரசாதத்தைப் பிடித்தபடி வாசிக்காமலே கையெழுத்து வைத்தார். நான் வாசித்தேன். வாசித்துவிட்டுக் கையெழுத்து வைக்காமல் வந்துவிட்டேன். செயலாளர் தம்பி அதைக் கவனித்திருக்கிறார். அன்றிரவே தொலைபேசியில் அழைத்து, “அண்ணை, என்ன பிரச்சினை?” என்று கேட்டார். இரண்டு நிமிடத்தில் சொல்லக்கூடிய பதிலாக இருந்திருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன். ஏற்கெனவே கையெழுத்து வைத்தவர்களும் வாசிக்க வேண்டும் என்பதால் திறந்த மடலாகவே எழுதுகிறேன்.

எனக்கு இடிக்கும் வரி இதுதான்: “நகரைச் சுற்றியுள்ள பச்சை வயல்களைத் தொடாமல், பயனற்றுக் கிடக்கும் பிரவுன்ஃபீல்ட் நிலங்கள் அனைத்தையும் முதலில் வீடமைப்புக்கும் சமூக மண்டபங்களுக்கும் ஒதுக்குக.” இதில் ‘பயனற்றுக் கிடக்கும்’ என்பதையும் ‘அனைத்தையும்’ என்பதையும் எடுத்துவிடுங்கள். மூன்றே சொற்கள். எடுத்துவிட்டால் அந்த மேசைக்கு நானே வந்து கையெழுத்து வைப்பேன், வீட்டில் உள்ள மற்ற மூவரையும் கூட்டிக்கொண்டு வருவேன்.

வீடு கட்டுவதற்கு எதிரானவன் என்று என்னை யாரும் நினைத்துவிட வேண்டாம். கட்டடத் தளங்களில் அளவெடுத்து முளை அடிப்பதுதான் என் தொழில். அத்திவாரம் எங்கே, வீதி எங்கே, கழிவுக் குழாய் எங்கே என்று நான் மர முளையும் சிவப்பு நாடாவும் வைத்த பிறகுதான் பெக்கோ இயந்திரம் உள்ளே வரும். எப்ஸ்ஃப்ளீட்டில் பழைய சுண்ணாம்புக் கற்குழிக்குள் எழும்பும் வீடுகளுக்கும் நான் முளை அடித்திருக்கிறேன். மொத்தம் 15,000 வீடுகள் வரை வரப்போகும் இடம் அது. என் மகனுக்கு 29 வயது. அவனும் மருமகளும் என் வீட்டுச் சின்ன அறையில் இருக்கிறார்கள். அலுமாரி வைத்தால் கதவு முழுதாகத் திறக்காத அறை. அவர்களுக்கு ஒரு வீடு வேண்டும் என்று உங்களைவிட அதிகமாக ஆசைப்படுகிறவன் நான்.

அப்படியென்றால் ஏன் இந்த வம்பு? பிரவுன்ஃபீல்ட் என்ற சொல்லை நாம் பிழையாக விளங்கிக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் காரணம். பெயரைக் கேட்டால் காய்ந்து பழுப்பேறிக் கிடக்கும் நிலம் என்று தோன்றும். திட்டமிடல் சட்டத்தில் அதற்கு அந்தப் பொருளே கிடையாது. முன்பு ஒரு காலத்தில் அங்கே கட்டடமோ ஆலையோ இருந்தது என்பது மட்டும்தான் பொருள். அந்தச் சொல் நிலத்தின் கடந்த காலத்தைச் சொல்கிறதே தவிர, இன்றைக்கு அங்கே என்ன இருக்கிறது என்பதைப் பற்றி வாயே திறப்பதில்லை. நேற்று மூடிய கார் காட்சியகத்தின் தார்த் தரையும் பிரவுன்ஃபீல்ட். முப்பது வருடமாகப் பூட்டிக்கிடந்து, இப்போது இடுப்பளவு பூ பூத்து நிற்கும் சீமெந்து ஆலை வளவும் பிரவுன்ஃபீல்ட். இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டு, ஒரே முத்திரை குத்துகிறோம்.

தமிழ்நாட்டிலிருந்து வந்த சங்க உறுப்பினர்களுக்கு ‘புறம்போக்கு’ என்று சொன்னால் சட்டென்று விளங்கும். வரி கட்டாத நிலம் என்ற கணக்குப்பிள்ளைச் சொல், காலப்போக்கில் ஆளைத் திட்டும் சொல்லாகிவிட்டது. சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தையும் அப்படித்தான் வீண்நிலம் என்று எண்ணிக் குப்பையைக் கொட்டினார்கள். 2022இல் அது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தபோது, சதுப்பில் பெரும்பகுதி ஏற்கெனவே போய்விட்டிருந்தது.

இந்த நாட்டு அரசின் போக்கையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புது வீடுகளில் 60 சதவீதமாவது முன்பு கட்டப்பட்ட நிலத்தில் வரவேண்டும் என்று 2000ஆம் ஆண்டிலேயே இலக்கு வைத்திருந்தார்கள். பின்னர் 2012இல் வந்த தேசியத் திட்டமிடல் கொள்கை, அத்தகைய நிலத்தை மறுபடி பயன்படுத்துங்கள், ‘உயர்ந்த சுற்றுச்சூழல் மதிப்பு இல்லாத பட்சத்தில்’ என்று ஒரு கடிவாளம் போட்டது. 2017 முதல் ஒவ்வொரு கவுன்சிலும் பிரவுன்ஃபீல்ட் நிலங்களுக்கு ஒரு பதிவேடு வைத்திருக்க வேண்டும். 2024 டிசம்பரில் திருத்திய கொள்கை ஒரு படி மேலே போனது. ஊருக்குள் இருக்கும் பொருத்தமான பிரவுன்ஃபீல்ட் நிலத்துக்கு வரும் விண்ணப்பத்தை, கணிசமான தீங்கு இல்லாவிட்டால் அனுமதிக்கவேண்டும் என்றது. 15 இலட்சம் வீடுகள் கட்டுவோம் என்று வாக்குக் கொடுத்த அரசு வேறு எப்படி எழுதும்? ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். இவ்வளவு அவசரத்திலும் அவர்கள் ‘பொருத்தமான’ என்ற சொல்லை விடவில்லை. நம்முடைய மனுதான் ‘அனைத்தையும்’ என்கிறது. அரசு கேட்காததைக்கூட அள்ளிக் கொடுக்கிறோம்.

நமக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஸ்வான்ஸ்கூம் தீபகற்பத்துக்கு எத்தனை பேர் போயிருக்கிறீர்கள்? தேம்ஸ் ஆற்றுக்குள் மூக்கு நீட்டியது போல இருக்கும் நிலம். ஆற்றுக்குக் குறுக்கே மின்கம்பி கொண்டுபோகும் 190 மீட்டர் உயரக் கோபுரம் அங்கேதான் நிற்கிறது. கோயில் தரிப்பிடத்திலிருந்து பார்த்தாலே நுனி தெரியும். அங்கே 1825 முதல் சீமெந்து ஆலை இருந்தது. 1990இல் மூடினார்கள். அந்த வருடத்தைக் கேட்டவுடன் உங்களில் சிலருக்கு வேறொன்று நினைவுக்கு வரும், எனக்கும் வந்தது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை சண்டையால் நின்றுபோனதும் 1990இல்தான். எங்கள் ஊர் அந்தத் தொழிற்சாலைக்குக் கிட்ட. இரவில் அதன் இரைச்சல் கேட்டுத்தான் நான் தூங்கி வளர்ந்தேன். ஒரு சீமெந்து ஆலையின் நிழலில் பிறந்து, இன்னொரு சீமெந்து ஆலையின் புழுதியில் வேலைக்கு வந்து சேர்ந்திருக்கிறேன்.

ஸ்வான்ஸ்கூமில் ஆலைக்காரர்கள் விட்டுப்போனது சூளைத் தூசும் சுண்ணாம்பும் கற்குவியலும். அதில் என்ன முளைக்கும் என்று நீங்கள் கேட்பீர்கள். தோட்டக்காரர் மகனான நானும் அப்படித்தான் கேட்டேன். நல்ல மண்ணில்தான் நல்லது முளைக்கும் என்பது நம் இரத்தத்தில் ஊறிய கணக்கு. இங்கே கணக்கு தலைகீழ். உரம் நிறைந்த மண்ணில் முரட்டுப் புல்லும் காஞ்சோன்றியும் எழும்பி மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். உரமில்லாத மண்ணில் அவற்றுக்கு வலு கிடையாது. அதனால் மெலிந்த, சின்னச் சின்னப் பூச்செடிகளுக்கு இடம் கிடைக்கிறது. ஒன்று முடிய ஒன்று என்று மே மாதம் முதல் செப்டம்பர் வரை பூ இருந்துகொண்டே இருக்கும். யாரும் மருந்து அடிப்பதில்லை, யாரும் புல் வெட்டுவதில்லை. இடையிடையே வெறும் மண் தெரியும் திட்டுகள் வெயிலில் சுடுகின்றன. இங்கிலாந்து போன்ற குளிர் நாட்டில் ஒரு பூச்சிக்குச் சூடான வெறும் மண் கிடைப்பது, நமக்குத் தை மாதத்தில் வெந்நீர்க் குழாய் வேலை செய்வது போல.

ஒரு யூலை மாதம், வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் அங்கே உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். காலுக்குப் பக்கத்தில், என் பூட்ஸ் அளவு மணல் திட்டு. அதில் பென்சில் செருகியது போல ஏழெட்டு ஓட்டைகள். மஞ்சளும் கறுப்புமாக ஒரு குளவி பறந்து வந்தது. வயிற்றுக்குக் கீழே எதையோ கட்டிப் பிடித்திருந்தது. பார்த்தால் ஒரு தேனீ. கொட்டி மயக்கிய தேனீயை, பிள்ளையை இடுப்பில் இடுக்கியது போல இடுக்கிக்கொண்டு வந்து, ஓட்டைக்கு மேலே ஒரு கணம் தயங்கி, முன்காலால் மணலைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, தேனீயோடு உள்ளே போய்விட்டது. தன் குஞ்சுகளுக்குச் சாப்பாடு. கொஞ்ச நேரத்தில் அடுத்த குளவி, அடுத்த தேனீ. என் தேநீர் ஆறிப்போய்விட்டது. இருபது வருடத்தில் இப்படியான எத்தனை மணல் திட்டுகளின் நடுவில் முளை அடித்திருப்பேன் என்று அன்றைக்குத்தான் முதன்முதலாக யோசித்தேன்.

அதே தீபகற்பத்தில், அரிசிமணி அளவிலான ஒரு சிலந்தி இருக்கிறது. வலை பின்னாது, தாவிப் பிடிக்கும். பிரித்தானியா முழுவதிலும் இரண்டே இடங்களில்தான் அது இருப்பதாகத் தெரியும். ஒன்று ஸ்வான்ஸ்கூம். மற்றது நேரே அக்கரையில் வெஸ்ட் தரக், மின் நிலையம் ஒன்று நிலக்கரிச் சாம்பலைக் கொட்டிய சதுப்பு. வேடிக்கை என்னவென்றால், அந்த 190 மீட்டர் கோபுரங்கள் இரண்டும் நிற்பதும் இந்த இரண்டு இடங்களில்தான். வெஸ்ட் தரக்கில் கிடங்கு கட்ட அனுமதி கொடுத்தபோது, பூச்சிகளுக்காகவே இயங்கும் பக்லைஃப் என்ற தொண்டு நிறுவனம் 2008இல் நீதிமன்றம் போய்த் தோற்றது. ஸ்வான்ஸ்கூமில் மாபெரும் கேளிக்கைப் பூங்கா ஒன்று வருவதாகப் பல வருடம் பேச்சிருந்தது. நம்மிலும் பலர் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லி ஆசை காட்டினோம். 2021இல் அரசின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான நேச்சுரல் இங்கிலாந்து அந்த இடத்தைச் சிறப்பு அறிவியல் முக்கியத்துவம் உள்ள தளமாக அறிவித்தது. அடுத்த மார்ச் மாதம் பூங்காவுக்கான விண்ணப்பத்தை மீளப் பெற்றுக்கொண்டார்கள். இந்த நாட்டு நீர்வண்டு இனங்களில் கால்வாசிக்கு மேல் அந்த ஒரு துண்டு நிலத்தில் இருக்கின்றனவாம். இதற்குப் பெயர்தான் பயனற்றுக் கிடப்பது.

அக்கரை எசெக்ஸில், கான்வி தீவில் உள்ள கான்வி விக் இதைவிட விசித்திரம். மேய்ச்சல் சதுப்பாக இருந்த நிலத்தில், எண்ணெய் சுத்திகரிப்பு நிலையம் கட்டுவதற்காகத் தேம்ஸ் ஆற்றிலிருந்து வாரிய மணலையும் சிப்பியையும் கொட்டி நிரப்பினார்கள். 1970களின் எண்ணெய் நெருக்கடியில் வேலை நின்றுபோனது. ஒரு லீட்டர் எண்ணெய்கூடச் சுத்திகரிக்கவில்லை. தாங்கிகளுக்காகப் போட்ட வட்டமான தார்த் தளங்கள் மட்டும் இன்றும் கிடக்கின்றன. பிறகு அந்த ஊர்ப் பொடியன்கள் அங்கே மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள், முயல்கள் மேய்ந்தன, இடையிடையே தீ பிடித்தது. இந்தக் குழப்படி எல்லாம் சேர்ந்து நிலத்தைப் பற்றை மூடாமல் வைத்திருந்தது. கடைசியில் ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பூச்சி இனங்கள். இந்த நாட்டில் அற்றுப்போய்விட்டதாக எழுதப்பட்டவையும் அவற்றில் இருந்தன. ‘ஷ்ரில் கார்டர்’ என்ற சாம்பல் நிற வண்டுத்தேனீயும் அங்கே இருக்கிறது. பெயருக்கு ஏற்றாற்போலக் கீச்சென்ற இரைச்சல். கண்ணுக்குத் தெரியுமுன் காதுக்குத் தெரியும். தென் இங்கிலாந்திலும் தென் வேல்சிலும் ஒரு சில இடங்களில்தான் அது மிஞ்சியிருக்கிறது. 2005இல், பூச்சிகளுக்காகப் பாதுகாக்கப்பட்ட முதல் பிரவுன்ஃபீல்ட் தளமாகக் கான்வி விக் அறிவிக்கப்பட்டது. இப்போது அங்கே தொண்டர்கள் பற்றை வெட்டுகிறார்கள், மேல்மண்ணைச் சுரண்டி வெறும் மணலைத் திறந்துவிடுகிறார்கள். இயற்கையைக் காப்பாற்றவும் மண்வாரி இயந்திரம் வேண்டியிருக்கிறது என்பதில் என் போன்ற தொழில்காரனுக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

பூச்சிக்காகவா இத்தனை பேச்சு என்று கேட்பவர்களுக்கு மெட்வேயின் லாட்ஜ் ஹில்லைக் காட்டலாம். குண்டு செயலிழக்கச் செய்யும் பயிற்சியை இராணுவம் அளித்த இடம் அது. பிரவுன்ஃபீல்ட் என்று சொல்லி 5,000 வீடுகளுக்குத் திட்டம் போட்டார்கள். 2012இல் கணக்கெடுத்தால், இரவிரவாகப் பாடும் நைட்டிங்கேல் குருவிகளில் ஆண்கள் மட்டும் எண்பதுக்கு மேல். மேற்கு ஆபிரிக்காவிலிருந்து ஒவ்வொரு ஏப்ரலிலும் வரும் பறவை. கடந்த அரை நூற்றாண்டில் இந்த நாட்டில் பத்தில் ஒன்பது பங்கு குறைந்துபோன பறவை. 2013இல் நிலம் பாதுகாக்கப்பட்டது, 2014இல் கவுன்சில் வீடுகளுக்கு அனுமதி கொடுத்தது, 2015இல் மத்திய அரசு கோப்பைத் தன் கைக்கு எடுத்தது, 2017இல் விண்ணப்பம் மீளப் பெறப்பட்டது. பாருங்கள், எத்தனை வருடம்! அத்தனை வருடத்தில் வேறு எங்கேயாவது ஐயாயிரம் வீடுகளும் எழும்பியிருக்கும், குருவிக்கும் தொல்லை இருந்திருக்காது. குருவி வீட்டைத் தடுத்தது என்று சிலர் சொல்கிறார்கள். பட்டியலில் போடுவதற்கு முன் ஒரு வசந்தகால இரவில் காது கொடுத்துக் கேட்காததுதான் வீட்டைத் தடுத்தது என்பேன் நான்.

நமக்கு ஏன் இது உறைக்கவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். ‘பற்றை’ என்ற சொல்லுக்கு நம் வாழ்க்கையில் வேறொரு எடை இருக்கிறது. யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில் இராணுவத்திடம் இருந்த எங்கள் வளவு விடுவிக்கப்பட்ட பிறகு போய்ப் பார்த்தபோது, வீடு இருந்த இடமே தெரியவில்லை. ஒழுங்கையை மறந்து நின்றோம். நாயுண்ணிப் பற்றைக்குள் கத்தியால் வெட்டி வெட்டிப் போய், கிணற்றுக் கட்டு காலில் தட்டிய பிறகுதான் இது குசினிப் பக்கம் என்று அம்மா சொன்னார். பற்றையை வெட்டுவது என்றால் நமக்கு ஊர் திரும்புவது. சுத்தமாக்கிய வளவின் படத்தை உறவுகளுக்கெல்லாம் அனுப்பினோம். அப்படிப்பட்ட நம்மிடம் வந்து பற்றையை வெட்டாதே என்று ஒருவர் சொன்னால், முதலில் கோபம்தான் வரும். எனக்கும் வந்தது. ஆனால் அங்கே அந்தப் பற்றைக்கு அடியில் எங்கள் வீடு இருந்தது. இங்கே இந்தப் பற்றைக்கு அடியில் நம்முடையது எதுவும் இல்லை; மேலே குடியிருப்பவர்கள்தான் இருக்கிறார்கள்.

தொழிலில் கண்ட ஒன்றையும் சொல்லவேண்டும். பெயர் எதுவும் சொல்லப்போவதில்லை. சில வருடங்களுக்கு முன் நான் முளை அடித்த ஒரு தளம், ஆற்றங்கரைப் பக்கம், பழைய ஆலை வளவு. விண்ணப்பத்தோடு இருந்த சூழலியல் அறிக்கையைத் தளக் கொட்டகையில் சும்மா புரட்டினேன். கள ஆய்வு நடந்தது ஜனவரியில், ஒரே ஒரு நாள். ஜனவரியில் எந்தத் தேனீ பறக்கும்? ‘களை வளர்ந்த, வெறுமையான நிலம். முக்கியத்துவம் குறைவு’ என்று எழுதியிருந்தது. நான் முளை அடித்தது யூன் மாதம். முட்டை மஞ்சள் நிறத்தில் ஒரு பூ, தரையோடு தரையாகப் பாய் விரித்தது போல. அதற்கு மேலே நீலக் கதிர்கள். முளை அடிக்கக் குனியும்போதெல்லாம் காதுக்குள் ரீங்காரம். மேற்பார்வையாளரிடம் சொன்னேன். நல்ல மனிதர்தான், தோளில் தட்டி, “கடதாசி எல்லாம் சரியாக இருக்கிறது, நீ முளையைப் பார்” என்றார். அடுத்த செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்குள் மேல்மண் முழுவதும் ஒரு மூலையில் மலையாகக் குவிந்திருந்தது. இன்று அங்கே நேர்த்தியான புல்தரையும் கம்பு கட்டிய கன்றுகளும் இருக்கின்றன. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பார்ப்பேன். புல்லை இரண்டு கிழமைக்கு ஒருமுறை வெட்டுகிறார்கள்.

சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. இந்த மாதிரி நிலத்துக்கு ‘ஓப்பன் மொசைக் ஹாபிடாட்’ என்று பெயர் வைத்து, 2007இலேயே முன்னுரிமை வாழிடப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். வெறும் மண், குட்டைப் புல், பூச்செடி, கொஞ்சம் பற்றை, மழைத் தண்ணீர் தேங்கும் பள்ளம் எல்லாம் துண்டு துண்டாகக் கலந்து கால் ஹெக்டேராவது இருக்கவேண்டும். 2024 பெப்ரவரி முதல் பெரிய திட்டங்கள் எல்லாம், கட்டுவதற்கு முன் இருந்ததைவிடப் பத்து சதவீதம் அதிகமாகப் பல்லுயிர் மதிப்பை உண்டாக்கி முப்பது வருடம் பேணவேண்டும். அந்தக் கணக்கில் இந்த வாழிடத்துக்கு உயர்ந்த மதிப்பெண். ஆனால் ஜனவரி அறிக்கைக்காரர் அதையே ‘வெறுமையான நிலம்’ என்று எழுதிவிட்டால் மதிப்பெண் தரையில் விழுந்துவிடும். பிறகு நாலு மரக்கன்றை நட்டாலே பத்து சதவீதம் கூடிவிட்டதாகக் கணக்குக் காட்டலாம். போதாதற்கு, 2.5 ஹெக்டேர் வரையான பிரவுன்ஃபீல்ட் வீடமைப்புத் தளங்களுக்கு இந்த விதியிலிருந்தே விலக்குக் கொடுக்கலாமா என்று ஆலோசனை நடத்தப்போவதாக 2025 டிசம்பரில் அரசு சொல்லியிருக்கிறது. கால் ஹெக்டேர் இருந்தாலே வாழிடம் என்று ஒரு கையால் எழுதி, அதன் பத்து மடங்கு வரை கணக்கே வேண்டாம் என்று மறுகையால் எழுத நினைக்கிறார்கள்.

கட்டவே கூடாது என்று சொல்லவில்லை என்பதைத் திரும்பவும் சொல்கிறேன். நான் வேலை செய்த பிரவுன்ஃபீல்ட் தளங்களில் பெரும்பாலானவற்றில் தார், கொங்கிரீட், உடைந்த கண்ணாடி தவிர வேறொன்றும் இருந்ததில்லை. அவற்றில் தாராளமாகக் கட்டலாம். நாட்டுப்புறப் பாதுகாப்பு அமைப்பான சிபிஆர்ஈ 2022இல் கவுன்சில்களின் பதிவேடுகளை எல்லாம் கூட்டிப் பார்த்து, 12 இலட்சம் வீடுகளுக்கு அங்கே இடம் இருக்கிறது என்றது. அதில் வண்டும் தேனீயும் நிறைந்த சில நிலங்களைத் தனியே எடுத்து வைத்தால் வானம் இடிந்து விழாது. நம் ஊர் நடுவிலேயே மூடிய கடைகளுக்குப் பின்னால் எவ்வளவு பெரிய தரிப்பிடங்கள் காலியாகக் கிடக்கின்றன! அவற்றின் மேல் நாலு மாடி கட்டினால் பஸ் தரிப்பும் பக்கத்தில், பள்ளிக்கூடமும் பக்கத்தில்.

பூச்சி இருக்கும் நிலத்தில் கட்டியே தீரவேண்டும் என்றாலும் ஓரளவு செய்யலாம். ஸ்ட்ராட்ஃபர்ட்டில் ஒலிம்பிக் பூங்கா கட்டியபோது, பழைய தொழிற்சாலை நிலத்திலேயே 45 ஹெக்டேர் வாழிடம் உண்டாக்கவேண்டும் என்று திட்டத்திலேயே எழுதிவைத்துச் செய்தார்கள். பார்க்கிங் ரிவர்சைட் என்ற இடம் உங்களில் பலருக்குத் தெரியும்; நம்மவர்கள் அங்கே வீடு வாங்கியிருக்கிறார்கள். பழைய மின் நிலைய நிலம், 10,800 வீடுகள் வரவிருக்கின்றன. அங்கே கட்டடக் கூரையின் மேல் கல்லும் மணலும் சாம்பலும் பரப்பி, கீழே இழந்ததில் கொஞ்சத்தை மேலே வைத்துப் பார்த்திருக்கிறார்கள். கூரை என்பது நிலத்துக்கு ஈடாகாது, அது எனக்கும் தெரியும். ஆனால் கம்பு கட்டிய கன்றைவிட எவ்வளவோ மேல்.

ஆகவே மனுவில் அந்த மூன்று சொற்களை எடுத்த இடத்தில் இவற்றை வையுங்கள் என்று கேட்கிறேன். பதிவேட்டில் ஒரு நிலத்தைச் சேர்ப்பதற்கு முன், ஏப்ரலுக்கும் செப்டம்பருக்கும் இடையில், பூச்சி தெரிந்த ஒருவர் ஒரு தடவைக்கு மேல் போய்ப் பார்க்கவேண்டும். மதிப்புள்ள பகுதி இருந்தால் அதை வரைபடத்தில் கோடு போட்டு ஒதுக்கிவிட்டு, மீதியில் நெருக்கமாகக் கட்டவேண்டும். ஒதுக்கிய பகுதிக்கு நல்ல மண் கொண்டுவந்து கொட்டக் கூடாது. இது முக்கியம், ஏனென்றால் அக்கறையுள்ளவர்கள்தான் இந்தப் பிழையை அதிகம் செய்கிறார்கள். இதை ஆங்கிலத்தில் சரியான கொள்கைச் சொற்களில் எழுதித்தர என் மகள் சம்மதித்திருக்கிறாள்.

சமூக மண்டபம் பற்றியும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். செயற்குழு கண் வைத்திருக்கும் வளவு எது என்று எனக்குத் தெரியும். அதன் முன் பாதி வெறும் கொங்கிரீட். நம் மண்டபத்துக்கும் ஐம்பது காருக்கும் அது போதும், நானே ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் அளந்துவிட்டேன். பின் பாதியில்தான் மணல் மேடு இருக்கிறது. அங்கே கிரிக்கெட் திடல் வேண்டும் என்று விளையாட்டுக் கழகத் தம்பிகள் கேட்கிறார்கள். கவுன்சிலின் மைதானத்தை வாடகைக்கு எடுப்பது பற்றி அவர்களோடு நான் கதைக்கத் தயார். கோபிப்பார்கள், பரவாயில்லை. மண்டபம் கிடைத்தால் அளவு வேலை முழுவதையும் கூலி வாங்காமல் செய்துதருகிறேன்.

கருத்துக் கேட்பு முடிய இன்னும் ஐந்து கிழமை இருக்கிறது. அதற்குள், வருகிற யூன் முதல் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஸ்வான்ஸ்கூம் ரயில் நிலைய வாசலில் நிற்பேன். மழை பெய்தால் அடுத்த சனிக்கிழமை. மழையில் தேனீயும் வராது. பிள்ளைகளைக் கூட்டி வாருங்கள். சேலை கட்டி வரவேண்டாம், முள் இழுக்கும். அந்தக் கீச்சொலித் தேனீ மற்றவற்றைவிடப் பிந்தித்தான் குளிர்கால உறக்கத்திலிருந்து எழும்பும். ராணித் தேனீ அந்த நாள்களில்தான் கூடு கட்ட இடம் தேடித் தரைக்குக் கிட்டத் தாழப் பறந்து திரியும், கேட்டாலும் கேட்கலாம். தேநீர் நான் கொண்டுவருகிறேன். செயலாளர் தம்பி மனுவின் கட்டையும் நூல் கட்டிய பேனாவையும் கொண்டுவந்தால் அங்கேயே திருத்திக்கொள்ளலாம்.

அன்புடன்,
உங்கள் பழைய உறுப்பினன்